தேர்ந்துகொள்பவர் யார்?

பள்ளிக் கட்டணம் செலுத்த வகையின்றிப் பங்கு இல்லத்து வாயிலில் கண்கலங்கி நின்ற பெற்றோர் பலரை நாம் கண்டதுண்டு. ஆதலின், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் செய்தி நம் உள்ளத்தைத் தொட்டது.

அங்கே 2011-ஆம் ஆண்டில், ஊனமுற்ற சிறாருக்கெனக் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டம் தொடங்கப்பெற்றது. பொதுப் பள்ளியில் அப்பிள்ளைக்கென மாநில அரசு அளித்திருக்கும் தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, பெற்றோர் கையாளும் கணக்கில் சேரும். தனியார் பள்ளிக் கட்டணம், நூல்கள், தனிப்பயிற்சி ஆகியவற்றிற்கு அதனைச் செலவிடலாம். 2022-இல் இத்திட்டம் எல்லாப் பிள்ளைகட்கும் விரிவாக்கப்பெற்றது.

பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருடையது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததன்றோ? எனவே மகிழ்ந்தோம். ஆயினும், விரிவாக்கத்தின்பின் முதலில் விண்ணப்பித்தோருள் பெரும்பாலோர் ஏற்கெனவே பொதுப் பள்ளிக்கு வெளியே பயின்றவரே. மேலும், கணக்கில் பணம் இருப்பினும், பிள்ளையை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் தனியார் பள்ளியின் விருப்பமே.

ஆகவே, பெற்றோர் தேர்ந்துகொள்வது பாதி. பள்ளி ஏற்றுக்கொள்வது மறுபாதி. கணக்கில் பணம் சேர்ப்பது அரசின் பணி. எளிய பிள்ளைக்குக் கதவைத் திறப்பது, பள்ளி நடத்தும் திருச்சபையாகிய நம் பணியன்றோ?