மேற்கு வாசற் காவலர்

பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் யாரைக் கண்டு கை தட்டுகிறார்கள்? பந்தைக் கொண்டுபோய் எதிரியின் கம்பங்களுக்கிடையே உதைத்து விடுகிறானே, அந்த மகாராஜனைக் கண்டுதான். பின்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் தடுத்துத் திருப்பி அனுப்புகிறவனை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. தொண்ணூற்றொன்பது பந்துகளை அவன் தடுத்திருப்பான். நூறாவது பந்து தப்பிப் போகும்போதுதான் அவன் பெயர் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நாம் என்றைக்காவது புகழ்ந்து பேசியதுண்டா? திருடன் வந்துபோன மறுநாள் காலையில்தான் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது.

இந்த உலக வழக்கத்துக்கு மாறாக, ஒரு தாழ்ப்பாளுக்குத் திருவிழாக் கொண்டாடிய ஊர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஊரின் பெயர் புட்ஸ்கிரே. தாழ்ப்பாளின் பெயர் ராபர்ட் மர்பி. ஊரார் செல்லமாக அழைப்பது 'பாப்' மர்பி என்று.

ஆற்றுக்கு மேற்கே

மெல்போர்ன் நகரத்தின் மத்தியிலுள்ள பிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் நாம் ரயில் ஏறினோம். சற்று நேரத்துக்கெல்லாம் துறைமுகத்தின் பாரந்தூக்கி யந்திரங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு தென்பட்டன. அடுத்தாற்போல் மரிபிர்னாங் என்னும் ஆறு. நாவில் எளிதில் புரளாத பெயர்தான். அதைக் கடந்தால் நகரத்தின் மேற்குப் பகுதி ஆரம்பமாகிறது.

ஒரு காலத்தில் இது முழுக்க முழுக்க உழைப்பாளிகளின் ஊர். தோல் பதனிடும் சாலைகள், வெடிமருந்துத் தொழிற்சாலை, கல் உடைக்கும் இடங்கள் – நகரத்துக்கு வேண்டியவையும், ஆனால் நகரத்துப் பெரிய மனிதர்களின் மூக்குக்கு வேண்டாதவையுமான தொழில்களெல்லாம் ஆற்றுக்கு மேற்கே வந்து சேர்ந்தன. பிறகு இத்தாலியர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், வியட்நாம் யுத்தம் முடிந்த பிறகு வியட்நாமியர் வந்தார்கள், எத்தியோப்பியரும் வந்தார்கள். நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பார்க்லி தெருவின் மேற்குக் கோடியில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசையின் வாசனை வந்ததும் நமது கால்கள் தாமாகவே நின்றுவிட்டன என்பதை மறைப்பானேன்?

அதே பார்க்லி தெருவை ஒட்டித்தான் விட்டன் மைதானம் இருக்கிறது. 'மேற்கு மைதானம்' என்பது அதன் பழைய பெயர். அங்கே வீசும் காற்று பிரசித்தமானது. எதிர்க் கட்சியாரைவிட இந்தக் காற்றுக்கே அதிகமாகப் பயந்த ஆட்டக்காரர்கள் உண்டு என்பார்கள். வாசலில் எட்டி விட்டன் என்பவரின் சிலை நிற்கிறது. புட்ஸ்கிரே சங்கத்துக்காக அவர் 1951-ஆம் வருஷத்திலிருந்து 1970-ஆம் வருஷம் வரையில் 321 பந்தயங்கள் ஆடினார். கடைசிப் பந்தயத்தை இதே மைதானத்தில், ஹாதர்ன் சங்கத்தை எதிர்த்து ஆடி, மூன்றே புள்ளிகளில் வென்று விடைபெற்றார். 1995-ஆம் வருஷம் ஜூன் மாதம், நோயினால் கண் பார்வையும் இழந்திருந்த அந்தக் கிழச் சிங்கத்தை ஒரு மோட்டார் வண்டியில் உட்காரவைத்து மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றி வரச் செய்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். இரண்டு மாதங்களில் அவர் காலமானார். விடைகொடுக்கும் வித்தையில் இந்த ஊர் புதியதல்ல என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டோம்.

உண்டியல் காப்பாற்றிய சங்கம்

இந்தப் பந்தாட்டம் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. 1859-ஆம் வருஷத்தில் மெல்போர்னிலேயே விதிகள் எழுதப்பட்டுப் பிறந்த ஆட்டம் இது. மைதானம் முட்டை வடிவம். பந்தும் கிட்டத்தட்ட அப்படியே. கட்சிக்குப் பதினெட்டுப் பேர். இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையால் பிடிக்கலாம். ஒருவர் தோள்மேல் மற்றொருவர் ஏறித் தாவியும் பிடிக்கலாம். நமது பெரியவர்கள் பார்த்தால், 'இது விளையாட்டா, சண்டையா?' என்று கேட்பார்கள்.

புட்ஸ்கிரே சங்கம் 1925-ஆம் வருஷத்தில் பெரிய லீக்கில் சேர்ந்தது. 1954-இல் ஒரே ஒரு தடவை கோப்பையை வென்றது. அப்புறம் வருஷங்கள்தான் போயின, கோப்பை வரவில்லை. கடன் மட்டும் தவறாமல் வந்தது. 1989-இல், 'இந்தச் சங்கம் தனியே பிழைக்காது. பிட்ஸ்ராய் சங்கத்தோடு சேர்த்துவிடுவோம்' என்று மேலே உள்ளவர்கள் தீர்மானித்து விட்டார்கள்.

ஊரார் அதற்குச் சம்மதிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். கிடைத்த சொற்பத் தவணைக்குள் மேற்கு மைதானத்தில் கூட்டம் போட்டார்கள், வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், உண்டியல் குலுக்கினார்கள். சில்லறையும் நோட்டுமாகச் சேர்ந்த பணத்தில் சங்கம் பிழைத்தது. பிட்ஸ்ராய் சங்கமோ 1996-ஆம் வருஷத்துடன் தனி வாழ்வை முடித்துக்கொண்டு பிரிஸ்பேனுடன் கலந்தது. தங்களுக்கும் அதுதான் நேர்ந்திருக்கும் என்பதை மேற்கு வாசிகள் நன்கு அறிவார்கள். தங்கள் கையாலேயே காப்பாற்றிய சங்கமாதலால், அதைக் காக்க நிற்கிற ஆட்டக்காரரிடம் அவர்களுக்குத் தனியான வாஞ்சை இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஒல்லியான காவலர்

மர்பி மேற்கு வாசியாகப் பிறந்தவரல்ல. கிழக்கே கிப்ஸ்லாந்து சீமையிலுள்ள வாரகல் என்னும் ஊர்க்காரர். 1999-இல் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷம் முதல் பந்தயம் ஆடினார். மல்லர்களைப் போன்றவர்கள் நிறைந்த அந்தக் களத்தில் அவர் மட்டும் ஒல்லியான தேகி. முதலில் முன்வரிசையில் ஆடி, பிறகு பின்வரிசையில் நிலைபெற்றார். தடுத்த பந்தை அப்படியே கொண்டு ஓடி, எதிரியை நோக்கித் தாக்குதலாக மாற்றுவதில் அவர் சமர்த்தர். பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியும் ஊராரின் மனத்தைக் கவர்ந்தார்.

கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 2008, 2009, 2010 ஆகிய மூன்று வருஷங்களிலும் இறுதிப் பந்தயத்துக்கு ஒரு படி கீழேயே சங்கம் தோற்றுத் திரும்பியது. 2015-இல் அவர் காப்டன் ஆனார். தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு கௌரவமாக அமைக்கும் கோஷ்டிக்கும் அந்த வருஷம் அவரே காப்டன்.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். டாக்லண்ட்ஸ் மைதானத்தில் ஹாதர்ன் சங்கத்துடன் பந்தயம். முடிவதற்குச் சில நிமிஷங்களே இருந்தன. தமது கம்பங்களுக்கு முன்னால் பந்துக்காகத் தாவிய மர்பி, கீழே இறங்கியபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தசைநார் அறுந்து விட்டது. அவ்வளவுதான், அந்த வருஷம் முழுவதும் அவருக்கு ஆட்டமில்லை.

அந்த வருஷமா கோப்பை வரவேண்டும்? வந்தது! ஏழாவது ஸ்தானத்தில் இருந்த கட்சி ஒவ்வொரு பந்தயமாக வென்று ஏறி, அக்டோபர் 1-ஆம் தேதி, 99,981 ஜனங்களுக்கு முன்னிலையில், ஸிட்னி சங்கத்தை 89-க்கு 67 என்று தோற்கடித்தது. அறுபத்திரண்டு வருஷத் தாகம் தீர்ந்தது. பதினாறு வருஷம் வாசலைக் காத்தவர், சுவாமி புறப்பாட்டின்போது கூட்டத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பயிற்சி ஆசிரியர் லூக் பெவரிட்ஜ் ஒரு காரியம் செய்தார். வெற்றி பெற்ற ஆசிரியருக்கென்று தமது கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றி, மர்பியை மேடைக்கு அழைத்து, அவர் கழுத்தில் அணிவித்து விட்டார். மர்பியும் அதைத் தமதாக வைத்துக்கொள்ளவில்லை; திருப்பிக் கொடுத்தார். முடிவில் அது சங்கத்தின் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் கொடுத்தும் மற்றவர் கொள்ளாமலும் ஊருக்கே பொதுவாகிவிட்ட பதக்கம் அது!

ஒன்பது புள்ளித் தோல்வி

முழங்காலுக்குச் சிகிச்சை செய்துகொண்டு மர்பி 2017-இல் திரும்பி வந்தார். ஆகஸ்டு 25-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, 312-ஆவது பந்தயத்துடன் விடைபெற்றார். அதே டாக்லண்ட்ஸ் மைதானம். எதிரே அதே ஹாதர்ன் சங்கம். விதி சில சமயம் கதாசிரியர்களையும் மிஞ்சிவிடுகிறது. ஹாதர்னின் புகழ்பெற்ற லூக் ஹாட்ஜும் தமது சங்கத்துக்காக 305-ஆவது பந்தயத்தை, அதாவது கடைசிப் பந்தயத்தை, அன்றுதான் ஆடினார்.

இந்த நாட்டில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ரசிகர்கள் மெல்லிய காகிதத்தில் பிரம்மாண்டமான பதாகை ஒன்று செய்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்தில் ஓடி வருவது சம்பிரதாயம். பல நாள் வேலை ஒரு நொடியில் கிழிந்து போகிறது. ரசிகர்களுக்கு அதுவே ஆனந்தம். சிவப்பும் வெள்ளையும் நீலமுமான கழுத்துத் துணிகளுடன் தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதும் இங்கே வழக்கமான காட்சி.

அன்று கதைப்படி மர்பியின் கட்சி ஜயித்திருக்க வேண்டும். ஒன்பது புள்ளிகளில் தோற்றது. முதல் வருஷம் கோப்பை வென்ற சங்கம், மறு வருஷம் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஜயித்த கட்சியின் பாட்டைத்தான் மைதானத்தில் முழக்குவார்கள். ஆகவே காதில் விழுந்தது ஹாதர்ன் பாட்டு. ஆயினும் மர்பிக்கு மரியாதை குறையவில்லை. இரு கட்சியாரும் வரிசை கட்டி நிற்க, சகாக்கள் தோள்மேல் தூக்கிச் செல்ல, ஜனங்கள் எழுந்து நின்று கை தட்ட, அவர் களத்தை விட்டு வெளியேறினார். அந்தக் கரகோஷம் அன்றைய பந்தயத்துக்கானது அல்ல. இத்தனை வருஷங்களில் யாரும் கணக்கு வைக்காமல் விட்ட தடுப்புகளுக்கெல்லாம் சேர்த்து, வட்டியும் முதலுமாக ஊரார் கட்டிய பாக்கி அது.

மெல்போர்னுக்குப் போகும் நேயர்கள் லட்சம் பேர் உட்காரும் பெரிய மைதானத்தை அவசியம் பார்க்கத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடாமல் ரயிலேறி ஆற்றைக் கடந்து மேற்கேயும் போய்வருவது நல்லது. விட்டன் மைதானத்தில் ஆடவரின் பெரிய லீக் பந்தயங்கள் 1997-உடன் நின்றுபோயின. ஆனால் 2017-இல் பெண்களுக்கென்று ஏற்பட்ட தேசிய லீக்கின் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. பழைய காற்று வீசுகிற அந்தப் பச்சைப் புல்வெளியில் புதிதாக ஒரு பெண் பின்வரிசையில் போய் நிற்கிறாள். வருகிற பந்தை அவள் தடுத்தால், அதற்கும் ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டு வாருங்கள்.