அப்பாவின் காரும் விலை கூடிய ஒயிலும்

அப்பா எங்களுக்கு விட்டுச்சென்றது ஓர் ஓட்டு வீடும் 1961ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொறிஸ் மைனர் காரும்தான். அது கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடுவதால்தான் அம்மாவின் மருந்துச் செலவு சமாளிக்கப்படுகிறது. ஓட்டுபவர் சின்ன மாமா. மற்றப் பொறுப்பெல்லாம் என்னுடையது.

சென்ற வருடம் ஒயில் மாற்றவேண்டி வந்தது. கடையில், "நல்லதாத் தாங்கோ" என்றேன். 5டபிள்யூ-30 என்ற, மிக விலை கூடிய செயற்கை ஒயிலைத் தந்தார்கள். "பொம்பிளைக்கு இது என்ன விளங்கும்" என்று நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் கார் நிற்கும் இடமெல்லாம் ஒயில் கறை. எஞ்சின் சூடேறி நிதானமாக ஓடும்போது ஒயில் விளக்கு மினுங்கியது. அடுத்த வெள்ளி ஒரு கலியாண ஓட்டம், முற்பணமும் வாங்கியாயிற்று. அம்மாவுக்கு நித்திரை இல்லை.

அப்பாவின் நண்பரான பழைய மெக்கானிக் மாமாவிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"பிள்ளை, விலையைப் பாத்தே ஒயில் வாங்கினனீ? எஞ்சின்ர வயசையெல்லோ பாக்கோணும்!"

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் தடிப்பையும் காட்டுகிறது. பழைய எஞ்சினில் பாகங்களுக்கிடையே இடைவெளி அதிகம். மெல்லிய ஒயில் அதனூடாக வழிந்து, அமுக்கம் குறைந்துவிடும். தேய்ந்த ஒட்டுகளாலும் கசியும். அத்துடன், இன்றைய கார்களின் புகைக்குழாயிலுள்ள நச்சுவாயு குறைக்கும் கருவியைப் பாதுகாப்பதற்காக, இத்தகைய புது ஒயில்களில் துத்தநாக-பொஸ்பரஸ் சேர்வையைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றோடொன்று உராயும் பழைய எஞ்சின் பாகங்களைத் தேயாமல் காப்பதே அந்தச் சேர்வைதான்.

20டபிள்யூ-50 சாதாரண கனிம ஒயிலை வாங்கச் சொன்னார். நாலு லீற்றர் கலன் ஒன்று போதுமாயிருந்தது; விலையும் பாதிக்குக் குறைவு. விளக்கு மினுங்குவது நின்றது. கசிவு குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. "தேய்ஞ்சதை ஒயில் திருப்பித் தராது, பிள்ளை" என்றார். வெள்ளிக்கிழமை மணமக்களை ஏற்றிக்கொண்டு கார் போனது.

அன்றிரவு அம்மா ஒன்றைச் சொன்னார். 1990களின் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடியபோது, மண்ணெண்ணெய் கலந்து ஒயில் தண்ணீராகிவிடுமாம். அதனால் அப்பா சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது அடிக்கடி ஒயில் மாற்றுவாராம். இந்தக் கார் இன்னும் ஓடுவதன் இரகசியம் அதுதான்.

கள வேலைக்குப் போகும் வீடுகளில், "அவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் கேளுங்கள்" என்று மற்றவர்களுக்குச் சொல்பவள் நான். கடையில் அதையே மறந்துபோனேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாகனத்தின் கைநூலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடையில் கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். காசு எங்களுடையதல்லவா?