பந்து விழுந்த வளவு



மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று ஊர்கள் வரும். அதற்கப்பால் முல்லைத்தீவுக் கடல். பின்னேரத்தில் இப்பாதையால் போனால் பாடசாலை மைதானங்களில் பிள்ளைகள் எல்லே விளையாடுவதை நீங்கள் காணலாம். பெண் பிள்ளைகளுக்கும் அணிகள் உண்டு.

எல்லேக்கு ஒரு மூங்கில் தடியும் ரெனிஸ் பந்தும் போதும். அடிக்க மூன்று வாய்ப்பு. அடித்ததும் தரிப்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். பந்தை அந்தரத்தில் பிடித்தாலும், ஓடுகிறவர் மீது எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. ஆகவே வேலிக்கு அப்பால் போகும் அடிக்குத்தான் மதிப்பு. அப்படியான அடியை ஊர் இலேசில் மறப்பதில்லை.

அமெரிக்கரின் பேஸ்போலும் இதே சாயல்தான். 1953 ஏப்ரல் 17இல் வொஷிங்டன் கிரிஃபித் மைதானத்தில் மிக்கி மான்டில் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி வெளியே போனது. 565 அடி, அதாவது சுமார் 172 மீற்றர் என்று அறிவித்தார்கள். அது பந்து தரையில் விழுந்த இடமல்ல. ஒரு வீட்டின் பின்வளவில் அதைக் கண்டெடுத்ததாக ஒரு சிறுவன் காட்டிய இடம். அளந்தவரும் நாடா பிடிக்கவில்லை, காலடியால்தான் அளந்தார் எனப் பின்னர் தெரியவந்தது. அந்த மைதானத்தை 1965இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே ஒரு மருத்துவமனை நிற்கிறது. மைதானம் போனாலும் கதை போகவில்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு கதை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் உடுத்த உடையோடு போனார்கள். பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்தார்கள். என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் உம்மும்மாவும் அவர்களில் ஒருவர். தன் நானா அடித்த எல்லேப் பந்து வீதியைக் கடந்து தங்கள் கிணற்றடியில் விழுந்ததை அங்கே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லச் சொல்லத் தூரம் கூடி, கால் மைலுக்கு வந்துவிட்டது.

2009இல் யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பினால் எங்கும் பற்றைக்காடு. வேலியில்லை, வீடில்லை. காணி உறுதியும் தொலைந்திருந்தது. மைதானம் மட்டும் அடையாளம் தெரிந்தது. அவர் மைதானத்தின் மூலையில் நின்று, நானா அடித்த திக்கைப் பார்த்து நடந்தார். பற்றைக்குள் கிணற்றுக்கட்டின் உடைந்த கல் தட்டுப்பட்டது. எட்டு வைத்து எண்ணிய பேரன், "நூறு கூட இல்லையே உம்மும்மா!" என்று சிரித்தானாம். அந்தக் கல்லை வைத்துத்தான் அயலவரோடு எல்லை பேசினார்கள்.

தூரம் பிழை, திக்குச் சரி. அந்த வளவு திரும்பக் கிடைத்தது திக்கினால்தான்.

தாய்மார்களே, பிறந்த ஊரைக் காணாத பிள்ளைகள் உங்கள் மடியிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஊர்க்கதை சொல்லுங்கள். சொல்லும்போது கிணறு எந்தப் பக்கம், ஒழுங்கை எங்கே திரும்பும், பக்கத்து வளவு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் படமாகக் கீறி வையுங்கள். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்தும் எழுதுங்கள். நாளை அவர்களுக்கு அது உதவும்.