தீர்வு காணப்பட்டது



அண்ணன் கால் எப்படி இருக்கிறது என்று நிறைய பேர் போனில் கேட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் இருப்பது நம் தென்புறநகரில் ஒரு தெரு. எங்கள் தாம்பரம் மாநகராட்சி இல்லை, வேறு உள்ளாட்சி. பெயர் வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் குடியிருக்க வேண்டும். போன வருஷம் மழைக்கு முன்னால் மழைநீர் வடிகாலைத் தூர் வார வந்தவர்கள் வீட்டு வாசலில் இருந்த இரண்டு சிமெண்ட் மூடிகளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். தூர் வாரினார்கள், போய்விட்டார்கள். மூடிகள் ஓரத்திலேயே கிடந்தன. ஒரு வாரத்தில் அதுவும் காணோம்.

அண்ணி புகார் எண்ணுக்கு போன் செய்தாள். பதிவு எண் கொடுத்தார்கள். எட்டாம் நாள் செல்லுக்கு ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது." அண்ணி வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மறுபடி போன், மறுபடி எண். அதற்கும் ஆறாம் நாள் அதே செய்தி. அதற்கு நான்கு நாள் கழித்து, கரண்ட் போன ஒரு மழை இரவில், 71 வயது அண்ணன் கேட்டைப் பூட்ட வந்து உள்ளே விழுந்தார். கணுக்கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். மூன்றாவது புகாரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு நான் கொடுத்தேன். அதற்கும் தீர்வு காணப்பட்டுவிட்டது!

எனக்கு வந்த கோபத்தில் நான்கு பக்கம் மனு எழுதினேன். கலெக்டருக்கா, 1100-க்கா, யாருக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பழைய மாணவன் ஒருவன் அண்ணனைப் பார்க்க வந்தான். வருவாய்த்துறையில் வேலை. பேர் போட்டால் கோபித்துக்கொள்வான். அவன்தான் முறைமன்ற நடுவம் பற்றிச் சொன்னான். வங்கிக்குக் குறைதீர்ப்பாளர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். உள்ளாட்சிகளுக்கும் அப்படி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, 2014-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் அரசுச் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியாது. கேரளத்தில் 2000-லேயே வந்துவிட்டதாம். முதலில் ஏழு பேர் கொண்ட அமைப்பு, பிறகு ஒருவராகச் சுருக்கினார்கள். ஆம்பட்ஸ்மன் என்ற சொல்லே சுவீடன் நாட்டுச் சொல். அங்கே 1809-லேயே அப்படி ஒரு பதவியை உருவாக்கிவிட்டார்கள்.

என் மனுவை அவன் பொறுமையாகப் படித்தான். பிறகு, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இதுல ஒரு தேதிகூட இல்லையே" என்றான். ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு விண்ணப்பக் கடிதம் சொல்லிக்கொடுத்தவள் நான். இடது பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், கடைசியில் இடம், நாள் என்று ஸ்கேல் வைத்து அடித்துச் சொன்னவள்! "அலட்சியம்", "மனிதாபிமானமற்ற", "கண்டும் காணாமல்" என்று நான் எழுதியிருந்த அத்தனை வார்த்தைகளையும் பென்சிலால் வட்டமிட்டான்.

அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. மூடி இல்லை என்பது ஒரு குறை. மூடி இல்லாமலே மூடி போட்டாயிற்று என்று பதிவு செய்வது வேறு விஷயம். பெரிய டாங்க் எங்கே கட்டுவது, எந்தச் சாலைக்கு முதலில் பணம் என்பதெல்லாம் மன்றம் முடிவு செய்வது. அதை நடுவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. ஊழல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இழுத்தடிப்பது, முறைதவறி நடப்பது, இவைதான் அவர் விசாரிக்கும் விஷயங்கள். சம்பந்தப்பட்டவர்களை வரவழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் நாம் முதலில் உள்ளாட்சியிடம் கேட்டுப் பார்த்தோம் என்பதற்குக் கையில் தாள் இருக்க வேண்டும். அண்ணி செல்லில் அந்த மூன்று செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்தது தெய்வாதீனம்.

அவன் சொன்னபடி முதலில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: மூன்று புகார்களையும் எந்த ஆதாரத்தில் முடித்தீர்கள்? முப்பது நாள் முடியப் போகும் சமயம் பதில் வந்தது. "கள ஆய்வு செய்யப்பட்டு மூடி பொருத்தப்பட்டது" என்று ஒரு வரி, கூடவே ஒரு போட்டோ. போட்டோவில் புது மூடி, பின்னால் காவி வெள்ளைப் பட்டை அடித்த கோயில் மதில். அண்ணன் தெருவில் கோயிலே கிடையாது. மூன்று புகாருக்கும் அதே ஒரு போட்டோ.

நடுவத்துக்கு அனுப்பிய மனு ஒன்றரைப் பக்கம்தான். தேதி, எண், போட்டோ நகல், வாசலின் இன்றைய போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு. "மனிதாபிமானமற்ற" என்ற வார்த்தையை மட்டும் எடுக்க எனக்கு மனசே வரவில்லை. எடுத்துவிட்டேன்.

சில வாரங்களில், உள்ளாட்சியிடம் விளக்கம் கேட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. அந்த வாரமே வண்டி வந்து இரண்டு மூடிகளையும் போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணி, "அதான் போட்டாச்சே, விட்டுடலாம்" என்கிறாள். அண்ணனுக்கு வேறு கவலை. "விசாரணைன்னு வந்தா பெரியவங்க யாரும் மாட்டமாட்டாங்க. போட்டோ எடுத்த கான்ட்ராக்ட் பையன் வேலைதான் போகும்" என்கிறார். இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் என் வகுப்பில் 52 பேர். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று முதல் நாள் மாலை 52 கட்டுரை நோட்டுகளிலும் சிவப்பு மையில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நோட்டில் நடுப்பத்தியில், "டீச்சர் இதைப் படிக்க மாட்டாங்க" என்று ஒரு வரி. அதற்கும் டிக் போட்டிருந்தேன். மறுநாள் அதிகாரி அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். அவர் எழுதி வைத்திருந்தால் என் நிலைமை வேறு. அந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் என் டிக்கினால் யார் காலும் உடையவில்லை. அதனால் மனுவைத் திரும்பப் பெறவில்லை. மூடி போட்டதற்கு நன்றி சொல்லி, கூடுதலாக ஒரு கடிதம் எழுதினேன். யாரையும் வேலையைவிட்டு எடுக்கக் கேட்கவில்லை, புகார் கொடுத்தவரிடம் கேட்காமல் புகாரை முடிக்கக் கூடாது, அந்தப் போட்டோவை ஏற்றுக் கையெழுத்திட்டவர் யார் என்றாவது தெரிய வேண்டும் என்று. அண்ணனும் கீழே கையெழுத்துப் போட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அண்ணன் இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார். புது மூடியை மட்டும் மிதிப்பதில்லை, சுற்றித்தான் போகிறார். அந்த ஒன்றரைப் பக்க மனுவின் மாதிரி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். தேதிகளை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.