கோராய்க்குப் போன லாஞ்சு

தாணே

அன்புள்ள செல்வி,

அனஹைம் டிஸ்னிலேண்ட் படங்கள் கிடைத்தன. “மாமா, அந்தக் காலத்துல பம்பாயில இப்படி ஒண்ணுமே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறாய். எஸ்ஸெல் வேர்ல்ட் பற்றி உன் அம்மா வாயே திறக்கவில்லையா?

1989-ல் கோராயில் திறந்தார்கள். பின்னால் ஜீ டிவி தொடங்கிய சுபாஷ் சந்திராதான் முதலாளி. அதன் விளம்பரப் பாட்டு தாராவியில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். டிக்கெட்தான் கட்டுப்படியாகாது, பள்ளிக்கூடத்துப் பிக்னிக்கில் போனால்தான் உண்டு. மாஹிமில் ரயிலேறி போரிவலியில் இறங்கி, படகுத்துறைக்குப் போய் லாஞ்சு பிடிக்க வேண்டும். கரையெல்லாம் அலையாத்திச் செடி, சேற்று வாடை. அக்கரை சேர்வதற்குள் பம்பாய் மறந்துபோகும்.

ராட்டினங்களைவிட அந்த உப்பங்கழிதான் பெரிய வேலை செய்தது என்பேன். வால்ட் டிஸ்னி 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை அழித்து 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது, அதே வேலைக்காகச் சுற்றிலும் மண்கரை எழுப்பினார். உள்ளே நிற்பவர் கண்ணில் வெளியுலகம் படக்கூடாதாம். அங்கே சுற்றிவரும் ரயில் ஓடுவது அந்தக் கரைமேல்தான். ஆனால் கரைக்கு வெளியே நிலம் வாங்கிப்போட அவரிடம் பணமில்லை. மோட்டல்கள் வந்து நெருக்கிவிட்டன. அந்தக் கடுப்பில்தான் புளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், ஓசைப்படாமல் 27,000 ஏக்கருக்கு மேல் வளைத்தார். 1971-ல் அங்கே பூங்கா திறந்தபோது அவர் இல்லை; 1966-லேயே போய்ச்சேர்ந்துவிட்டார்.

எங்கள் தாணேயின் டிகுஜினிவாடி பூங்காவைப் பார்த்தால் அவர் கடுப்பு புரியும். யேவூர் மலை ஒரு பக்கம். மறுபக்கம் கோட்பந்தர் ரோட்டு மாடிக் கட்டடங்கள். ராட்டினத்தில் உயரே போனால் யார் வீட்டுப் பால்கனியிலோ துணி காய்வது தெரியும். எனக்கென்னவோ அதுவும் பிடித்துத்தான் இருக்கிறது.

இப்படி நெருக்கிவிடாமல் எஸ்ஸெல் வேர்ல்டைக் கழி காப்பாற்றியது. ஆனால் லாஞ்சுக்குக் காத்திருக்க இப்போது யாருக்குப் பொறுமை? 2013-ல் கோபோலி பக்கம் இமேஜிக்கா வந்தது. வாசல்வரை கார் போகும். 2022-ல் எஸ்ஸெல் வேர்ல்டை மூடினார்கள். அதை ஒட்டி 1998-ல் வந்த வாட்டர் கிங்டம் தப்பிப் பிழைத்தது.

பக்கத்திலேயே சந்திரா தானமாகக் கொடுத்த நிலத்தில் விபஸ்ஸனா பகோடா, 2009-ல் திறந்தது. 8,000 பேர் உட்காரும் மண்டபத்தில் ஒரு தூண் கிடையாது. ரோலர் கோஸ்டர் அலறலுக்குப் பக்கத்தில் தியானம் செய்ய இடம் கொடுத்த யோசனையை என்ன சொல்ல!

அங்கே போக இன்னும் லாஞ்சு உண்டு. லீவுக்கு வரும்போது போகலாம். உன் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். பாயந்தர் சுற்றி ரோட்டில் வரட்டும்.

உன் மாமா