ஒரு சொல்லின் உரிமை

மலேசியக் கத்தோலிக்க வார இதழ் ‘ஹெரால்டு’ ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளிவந்தது. வழக்கை எழுப்பியது மலாய்ப் பகுதியிலிருந்த ஒரே சொல்: ‘அல்லாஹ்’. இறைவனைக் குறிக்க அச்சொல்லை இதழ் ஆளலாம் என 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது.

அச்சொல் கிறித்தவ நம்பிக்கையின் இன்றியமையாக் கூறு அன்று என்பது 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. மொழியியல் பயின்ற எனக்கு ஒவ்வாதது இதுவே. 1629இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே அச்சொல் உண்டு. அரபுக் கிறித்தவர்கள் இன்றும் அவ்வாறே இறைவனை அழைக்கின்றனர். மால்டாவின் கத்தோலிக்கர் ‘அல்லா’ என்கின்றனர். சபா, சரவாக் பழங்குடிக் கத்தோலிக்கர் பலருக்கு வழிபாட்டு மொழி மலாய். அவர்களுக்கு அது கடன்வாங்கிய சொல் அன்று. தாயிடம் கற்ற செபம்.

மதமாற்றத்துக்கு அச்சொல் கருவியாகிவிடுமோ என்ற பெரும்பான்மையினரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் என் பாட்டி ‘சர்வேசுரா’ என்றே செபித்தார். சைவர் சிவனுக்கு வழங்கும் பெயர் அது. எவரும் அவரிடம் உரிமைப் பத்திரம் கேட்டதில்லை.

2021இல், சரவாக்கைச் சேர்ந்த கிறித்தவப் பெண் ஒருவர் தொடுத்த வேறொரு வழக்கில், கிறித்தவ வெளியீடுகளில் அச்சொல்லைத் தடுத்த 1986ஆம் ஆண்டு அரசாணை அரசமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் கூறியது. அவர் வழக்கு தொடுத்தது 2008இல். தன் இறைவனைத் தன் சொல்லால் அழைக்க ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்வதைத்தான் ‘சிறுபான்மை’ என்ற சொல்லின் பொருளாக நான் குறித்துவைத்திருக்கிறேன்.