வடைக்காரத் தம்பியின் மாலைப்பொழுது

கொழும்பு மாநகரின் இன்பங்களை நாம் வெறுப்பவரல்லர். 1956இல் சரச்சந்திராவின் 'மனமே' அரங்கேறிய லயனல் வென்ற் அரங்கில், சென்ற மாதம் நாமும் ஒரு நாடகம் கண்டோம். மேடையில் உழைப்பாளி பட்ட துயருக்குக் கண் கலங்கினோம். மறுநாள் மாலை, வழக்கம்போலக் காலிமுகத்திடலில் கடற்காற்று வாங்கியவாறு இறால்வடை உண்டோம். வடை சுட்ட இளைஞன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன்.

"நாடகம் பார்ப்பதுண்டா, தம்பி?" என்றோம்.

"நாடகம் நடக்கிற நேரந்தானே சேர், எங்களுக்கு யாவாரம்" என்று சிரித்தான்.

எமக்கு விடை எழவில்லை. மேடைத் தொழிலாளிக்காக அழுத நாம், பலமுறை வடை வாங்கியும் இவன் பெயரைக் கேட்டதில்லை.

நாடகமும் வேண்டும், இறால்வடையும் வேண்டும். அவற்றைச் சுவைக்க அவனுக்கும் ஓய்வான மாலைப்பொழுது வேண்டும். அதனை அவனோடு சேர்ந்து வென்றெடுக்கும்வரை நமது கலைச்சுவை அரைகுறையே.